முதல் தண்ணி

ஸ்ரீராம்புரத்து அந்த லைன் வீடுகளில் பாஞ்சாலிக்கு இருந்த மரியாதை அவள் சமையலால் வந்ததும் அல்ல, வாயால் வந்ததும் அல்ல. அடிபம்பால் வந்தது. ஏழு வீட்டுக்கும் சேர்த்து முற்றத்து மூலையில் ஒரே ஒரு நல்லி. குழாயை அங்கே எல்லோரும் நல்லி என்றுதான் சொல்வார்கள். வெயில் காலத்தில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதுவும் மனசு வந்தால் வரும். வந்த அன்றைக்கும் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டு, ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை முடிந்துவிடும்.

பாஞ்சாலியின் புருஷன் ஜெயராமனுக்கு பீன்யாவில் பம்பு செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. உடம்பில் கீறல் விழுந்ததென்று பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு பம்பை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்தான். வாசலில் ஓடிய சாக்கடையை, அவர்கள் பேச்சில் மோரியை, ஒட்டியே தண்ணீர்க் குழாய் போயிற்று. வாசல் கல்லைப் பெயர்த்து, குழாயை அறுத்து, நடுவில் ஒரு இணைப்பு வைத்து, சணலைச் சுற்றி வெள்ளைப் பூச்சு பூசி இறுக்கி, பம்பை நிறுத்திவிட்டான். குடிநீர் போர்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்பதால் பம்புக்கு மேல் பழைய சாக்குப் போட்டு, சாக்கின் மேல் ஒரு துளசித் தொட்டியும் வைத்திருந்தாள் பாஞ்சாலி. தெய்வக் காரியம் மாதிரி இருந்தால் யார் தொடப் போகிறார்கள்?

பம்பு வந்தபின் அந்த லைனின் தலையெழுத்தே மாறிப்போனது. தெருவில் மற்ற வீடுகளில் நல்லி காற்றை ஊதிக்கொண்டிருக்கும்போதே, பாஞ்சாலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு அடி அடித்தால் தண்ணீர் வந்துவிடும். அதற்கு 'முதல் தண்ணி' என்று அவளே பெயர் வைத்தாள். முதல் தண்ணி அவளுக்கு. பிறகு அவள் கை காட்டுகிறவர்களுக்கு. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, வடிகட்டித்தான் பிடிப்பாள். சுத்தத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

அவளை மீறினவள் ஒருத்திதான். கடைசி வீட்டு ஜூடித். கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை பார்க்கிறவள். ஒருநாள் வேலைக்கு நேரமாகிறதென்று வரிசையில் இல்லாமல் குடத்தை முன்னால் வைத்து, தானே பம்பை அடித்து நிறைத்துவிட்டாள். பாஞ்சாலி பார்த்தாள், குடத்தைத் தூக்கினாள், மோரியில் கவிழ்த்தாள். "என் ஊட்டுக்காரரு கஷ்டப்பட்டு வெச்ச பம்பு இது. இனிமே இதும்மேல கை வெச்சியானா பாரு" என்றாள். "வெச்சிக்கோக்கா, உன் பம்பை நீயே வெச்சிக்கோ" என்று ஜூடித் காலிக் குடத்தோடு போனாள். அன்றிலிருந்து விடிந்ததும் இரண்டு தெரு தாண்டி, சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த போர்வெல்லில் பிடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சுமந்து வருவாள். அவள் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் பாஞ்சாலிக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

மகள் ஷோபாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை அந்த வருஷத்துப் பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை வைத்தார்கள். மாப்பிள்ளை மஞ்சுநாத் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை செய்தான்; குடியிருப்பும் அங்கேதான். அந்தப் பக்கம் தண்ணீர் என்றால் டேங்கர் லாரிதான். சம்பந்தியம்மா எப்போது வந்தாலும் லாரித் தண்ணீரின் உப்பைப் பற்றிப் புலம்பாமல் போகமாட்டாள். ஆகவே அன்றைக்கு வீட்டில் காவிரித் தண்ணீர் வழிய வேண்டும் என்பது பாஞ்சாலிக்கு மானப் பிரச்சினை.

அன்று தண்ணீர் வர வேண்டிய நாள். வரவில்லை. தெரு முழுக்கக் குடங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வெயில் ஏறிவிட்டது, சமையல்காரர் அடுப்பை மூட்டிவிட்டார். பாஞ்சாலி துளசித் தொட்டியை நகர்த்திவிட்டு பம்பை அடிக்க ஆரம்பித்தாள். கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல. தோள் கழன்று விழும் வரை அடித்தாள். கடைசியில் ஒரு செருமல் செருமி, தண்ணீர் வந்தது.

"வந்துடிச்சி! யோவ், வந்துடிச்சிய்யா!" என்று கத்தினாள்.

"தெருவுல எங்கியுமே வரல, உனக்கு மட்டும் எப்படிடீ வருது?" என்று ஜெயராமன் சிரித்தான்.

"கை ராசிய்யா. சொல்ப கலங்கலாக் கீது, அவ்ளோதான்."

துணியை எட்டாக மடித்து வடிகட்டினாள். அண்டா நிறைந்தது. குடங்கள் நிறைந்தன. சமையல் எல்லாம் கொதித்து இறங்கியது. பானகமும் நீர்மோரும் மட்டும் கொதிக்கிற சமாச்சாரம் இல்லையே. வெல்லத்தை உடைத்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு ஒரு அண்டா பானகம். பெருங்காயம், கொத்தமல்லி, இஞ்சியோடு ஒரு அண்டா மோர். ஏலக்காய் வாசனை முற்றத்தையே தூக்கியது. "தெருவுக்கே ஒரு சொட்டு இல்ல சம்பந்தி, எங்க ஊட்டுல பாருங்க" என்று முதல் டம்ளரைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள். அந்த வெயிலில் ஒருவரும் ஒரு டம்ளரோடு நிறுத்தவில்லை. ஷோபா மட்டும் மூன்று குடித்தாள். ஊற்றிக் கொடுக்கிற ஓட்டத்தில் பாஞ்சாலிக்குத்தான் குடிக்க நேரமில்லை.

ஜூடித்தை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்தாள். ஷோபா சின்னப் பிள்ளையில் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவள். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு ஜோடி போட்டுவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மஞ்சுநாத் பானகத்தை நீட்டினான்.

"வேணாம்ப்பா. பெரிய வெள்ளி வரைக்கும் ஒருசந்தி. பொழுது சாய்ற வரைக்கும் வாய்ல ஒண்ணும் படக்கூடாது."

அவள் போகிறதைப் பாஞ்சாலி பார்த்துக்கொண்டே இருந்தாள். விரதமாம். விரதக்காரியின் முகத்தைப் பார், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஷோபா கக்கூசுக்கு ஓடினாள். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி ஓடினாள். பிறகு வாந்தி. பேதி அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போயிற்று. விருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பாஞ்சாலி ஓமம் வறுத்துக் கொடுத்தாள். அதுவும் வெளியே வந்துவிட்டது.

"அம்மா, தண்ணி."

"வேணாம்மா கண்ணு. போற வயித்துக்குத் தண்ணி குட்த்தா இன்னும் பிச்சிக்கினு போகும். சொல்ப பொறுத்துக்கோ."

"நாக்கு ஒட்டிக்கிதும்மா. ஒரே ஒரு வாய்."

"கேளுடீ சொல்றத."

பாஞ்சாலியின் தாய் அப்படித்தான் செய்தாள், அந்தத் தாயின் தாயும் அப்படித்தான். ஓட்டையை அடைக்கும் வரை பானையில் ஊற்றக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. நல்ல எண்ணத்தோடுதான் மகளின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். பிடுங்கியதில் ஷோபாவின் விரல் பட்டது. இந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்த விரல் சில்லென்று இருந்தது.

அதற்குள் லைனில் ஒவ்வொரு வீடாக முனகல் கிளம்பியது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டும் படுத்துவிட்டன. எதிர் வீட்டுச் சீனிவாசராகவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெயராமனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். மஞ்சுநாத் வெளிறிப்போன முகத்தோடு வந்து, ராத்திரி இங்கேயே தங்கிய தன் தாய்க்கும் அதே கதி, ஆட்டோ வைத்துப் பொம்மசந்திராவுக்கு அனுப்பியாகிவிட்டது என்றான். "என்ன அத்தை போட்டீங்க சாப்பாட்டுல?" என்று கேட்டான். அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

பாஞ்சாலி முற்றத்தில் நின்று ஏழு வாசலையும் பார்த்தாள். ஆறு வாசலில் முனகல். ஏழாவது வாசலில் ஜூடித் நன்றாகக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான்.

"எல்லார் ஊட்லயும் எழவு மாதிரிக் கெடக்கறாங்க, உனக்கு மட்டும் ஒண்ணுமில்லியா? ஒருசந்தியாம் ஒருசந்தி! தெரிஞ்சிதானடீ குடிக்கல நீ? இன்னாடீ கலந்தே? பம்பைத் தொடக்கூடாதுன்னு சொன்னதுக்கா என் பொண்ணு வயித்துல கைய வெச்சே?"

ஜூடித் துண்டைக் கீழே போட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பாஞ்சாலியைத் தாண்டி நேராக வீட்டுக்குள் போனாள். ஷோபாவின் கண்ணைப் பார்த்தாள். கண் உள்ளே போயிருந்தது. கையின் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளின இடம் அப்படியே மடிந்து நின்றது.

"அக்கா, என்னை அப்புறம் திட்டலாம். மஞ்சுநாத், ஆட்டோ கூப்டு. ஓடு!"

அரசாங்க ஆஸ்பத்திரியில் வராந்தா வரைக்கும் ஆள் படுத்திருந்தார்கள். ஜூடித்துக்கு அங்கே யாரையோ தெரிந்திருந்தது, கட்டில் கிடைத்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சீனிவாசராகவனையும் வேறு ஆட்டோக்களில் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். ஷோபாவின் கையில் நரம்பைத் தேடினாள். ஒரு கையில் கிடைக்கவில்லை. இன்னொரு கையில் கிடைக்கவில்லை. காலில் தேடினாள். தேடிக்கொண்டே கேட்டாள்.

"நீரு குடிஸ்லில்வா? தண்ணி குடுக்கலையாம்மா?"

"பேதியாகுதேன்னு... நிறுத்தி வெச்சேம்மா."

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. "போன தண்ணிய திருப்பி ஊத்தாம எப்படிம்மா உயிர் நிக்கும்? கொதிச்சு ஆறின தண்ணி, ஒரு பிடி சக்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வீட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா ஊத்தியிருக்கலாமே. வயித்துல குழந்தை வேற."

ஒருவழியாக நரம்பு கிடைத்து பாட்டில் இறங்க ஆரம்பித்தது. அதன் பிறகு டாக்டர் ஷோபாவின் வயிற்றில் ஒரு குழல் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். வார்டில் யாரோ இருமினார்கள். "ஷ்" என்று டாக்டர் கையைக் காட்டினாள். பாஞ்சாலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழலையே பார்த்தாள்.

"இருக்கு. ஆனா வேகமா அடிக்குது. சாயந்திரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது." காதை எடுத்துவிட்டு டாக்டர் கேட்டாள்: "எங்க தண்ணி நீங்க குடிக்கிறது?"

"காவேரிங்கம்மா. சுத்தமான காவேரி. துணி போட்டு வடிகட்டித்தான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரே லைன்லேர்ந்து இத்தனை பேர் வந்திருக்காங்க. தண்ணியாத்தான் இருக்கணும்."

மகளுக்கு மாற்றுப் புடவையும் ஒரு கூஜா தண்ணீரும் கொண்டுவரப் பாஞ்சாலி வீட்டுக்கு வந்தாள். ஜூடித் ஷோபாவின் அருகிலேயே இருந்தாள். தெருமுனையில் ரங்கநாதன் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். ஆள் உயரத்துக்கு நீண்ட அந்தச் சாவியால் வால்வைத் திருப்பித் தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவன் அவன்தான்.

அழுகையெல்லாம் ஆத்திரமாகி அவன்மேல் பாய்ந்தாள். "யோவ், இன்னா தண்ணிய்யா விட்டே நேத்து? லைனே படுத்துக் கெடக்கு! என் பொண்ணு சாகக் கெடக்குது!"

"நேத்தா?" ரங்கநாதன் விழித்தான். "நேத்து எங்கம்மா விட்டேன்? மேல மெயின் பைப்பு ஒடஞ்சுபோச்சு, ஏரியா பூரா நிறுத்தியாச்சு. இப்பதானே திறக்க வந்திருக்கேன்."

"இல்லய்யா. எங்க ஊட்டுல வந்துதே."

"வால்வே திருப்பலியேம்மா நான். பைப்புல ஒரு சொட்டு இல்ல. உங்க ஊட்டுக்கு மட்டும் எங்கேர்ந்தும்மா வரும்?"

சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு வால்வுக் குழியின் மூடியைத் தூக்கப் போனான். "கொஞ்சம் இருய்யா, தொறக்காதே" என்று மட்டும் பாஞ்சாலியால் சொல்ல முடிந்தது. கைப்பிடி நேற்று எவ்வளவு இறுகி இருந்தது என்பது தோளுக்கு முதலில் ஞாபகம் வந்தது. புத்திக்கு அப்புறம்தான் வந்தது.

ஜெயராமன் வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். பம்போடு இத்தனை வருஷம் வேலை செய்கிறவன். அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. கடப்பாரையை எடுத்து வந்தான். மூன்று முறை உட்கார்ந்து எழுந்துதான் அந்தக் கல்லைப் புரட்ட முடிந்தது.

கல்லுக்கு அடியில் குழி நிறைய மோரித் தண்ணீர் ஊறி நின்றது. கறுப்பாக. குழாயும், அவன் சணல் சுற்றி இறுக்கிய இணைப்பும் அந்தக் கறுப்புக்குள் முழுகிக் கிடந்தன.

"அடி" என்றான்.

பாஞ்சாலி பம்பை அடித்தாள். கைப்பிடி அதே இறுக்கம்.

"இன்னும் அடி." குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவன் எழுந்து அவள் கையிலிருந்து பிடியை வாங்கினான். "இப்ப நீ வந்து பாரு."

அவள் குனிந்தாள். நேற்று பெண்கள் தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகைப் பூ ஒன்று மோரித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஜெயராமன் ஒரு அடி அடித்தான். பூ நகர்ந்தது. இன்னொரு அடி. பூ இணைப்புக்கு நேர் மேலே வந்து சுற்றியது. அவன் அடிக்க அடிக்கக் குழித் தண்ணீர் அவள் கண்முன்னால் விரற்கடை விரற்கடையாகக் கீழே இறங்கியது. பம்பின் வாயில் ஒரு செருமல். அதே செருமல். தண்ணீர் கொட்டியது.

பாஞ்சாலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாக மடித்த துணி, ஏலக்காய் வாசனை, 'எங்க ஊட்டுல பாருங்க சம்பந்தி' என்று நீட்டின டம்ளர், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதின. மூன்று டம்ளர் குடித்தாளே அந்தப் பெண். தன் கையால் மொண்டு மொண்டு ஊற்றினோமே.

"சணல் மக்கிப்போச்சி" என்றான் ஜெயராமன். "தண்ணி விடுற நாள்ல பைப்புல தண்ணி இருக்கும், அது வந்துடும். நேத்து பைப்பு காலி. இழுத்த இழுப்புக்கு எது கெடச்சிதோ அது சணல்ல வடிஞ்சி கலங்கலா வந்திருக்கு. எத்தினி நாளா கொஞ்சம் கொஞ்சமா குடிச்சோமோ தெரியல. நான் வெச்ச பம்புடீ. என் கையால வெச்சேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு எழுந்து, ஸ்பானரை எடுத்துப் பம்பைக் கழற்ற ஆரம்பித்தான். தெருவில் நின்ற ரங்கநாதனைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு இந்த லைனுக்குத் தொறக்காதீங்க. மொதல்ல எல்லா வாசல்லயும் போயிச் சொல்லணும்" என்றான்.

பாஞ்சாலி உள்ளே போய்க் கூஜாவை எடுத்தாள். வீடு முழுக்கத் தண்ணீர் இருந்தது. அண்டா நிறைய, மூன்று குடம் நிறைய, மண்பானையில் ஈரத்துணி சுற்றிக் குளிர வைத்தது வேறு. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். தெருவே தண்ணீருக்குத் தவமிருந்தபோது அவள் சேர்த்து வைத்த முதல் தண்ணி முற்றத்தில் ஓடி, வந்த வழியே மோரிக்குப் போயிற்று. கூஜாவில் ஊற்ற ஒரு சொட்டு இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், அந்த லைனில் இருந்த அத்தனை குடத்திலும் அவள் கை காட்டிக் கொடுத்த தண்ணீர்தான். ஜூடித் வீடு பூட்டியிருந்தது.

காலிக் கூஜாவோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஷோபா கண் திறந்திருந்தாள். இரண்டாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. "குழந்தை உதைச்சுதுக்கா, இப்பதான்" என்றாள் ஜூடித். "டாக்டரம்மா வந்து பாத்துட்டாங்க. துடிப்பு சீராயிடுச்சாம். வாய் வழியாவும் குடுக்கச் சொல்லிட்டாங்க. கூஜாவ குடு."

பாஞ்சாலி கொடுத்தாள். ஜூடித் வாங்கிய வேகத்தில் கை மேலே போயிற்று; அத்தனை லேசாக இருந்தது.

"இன்னாக்கா, காலியா கீது?"

"நேத்து தண்ணியே விடல ஜூடித்து" என்றாள் பாஞ்சாலி. வார்டில் எல்லோரும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். மெதுவாகச் சொல்லுகிற தெம்பு இல்லை. "நான் அடிச்சது மோரித் தண்ணி. மோரித் தண்ணியில வெல்லத்தக் கரைச்சி என் பொண்ணுக்கு நானே ஊத்திட்டேன். ஊருக்கே ஊத்திட்டேன். உன்னப் போய் கேட்டேனே... இன்னா கலந்தேன்னு உன்னப் போய்..."

மஞ்சுநாத் சுவரோடு சாய்ந்துகொண்டான். ஜூடித்தின் முகத்தில் மன்னிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று பாஞ்சாலி பார்க்கவும் இல்லை. பிறகு ஜூடித் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். காலையில் மஞ்சுநாத் ஆட்டோவுக்கு ஓடிய நேரத்தில், தன் வீட்டு அடுப்பில் கொதித்து ஆறியிருந்த தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கொண்டுவந்தது; ஆட்டோவில் ஊற்றியதையெல்லாம் ஷோபா கக்கிவிட, மீதி இருந்தது. சர்ச் போர்வெல் தண்ணீர். பாஞ்சாலி அவள் குடத்தைக் கவிழ்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரும் இருந்திருக்காது.

டம்ளரில் ஊற்றிப் பாஞ்சாலியின் கையில் வைத்தாள். "நீயே குடுக்கா."

பாஞ்சாலி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். மறுபடி மோந்து பார்த்தாள். மகளின் வாயருகே கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது. ஒரு அங்குலம் நகரவில்லை.

"அம்மா, தண்ணிம்மா" என்றாள் ஷோபா.

கை நகரவில்லை.

"காலைலயும் குடுக்கல. இப்பவும் குடுக்கமாட்டியா?"

பச்சை வளையல் சரிய ஷோபாவே கையைத் தூக்கி, தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டம்ளரைப் பிடுங்கிக் குடித்தாள்.